கொள்முதலும் கண்டுமுதலும்
(பொது உணவுக் கொள்முதலின் சமுதாயப் பயன் குறித்து ஓர் ஆய்வு)

முன்னுரை

ஐப்பசித் திங்களின் ஒரு முற்பகலில், இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு பயிலும் மாணவர் ஒருவர் விடுப்பு விண்ணப்பத்துடன் நம்மிடம் வந்தார். காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூர் அவருடையது. அறுத்த குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தின் வாயிலில் குவித்து வைத்துப் பத்து நாள்கள் கடந்தும் முறை வரவில்லை என்றும், இடையில் மழை வந்துவிட்டது என்றும், தந்தையார் தார்ப்பாயுடன் இரவும் பகலும் காவல் நிற்கிறார் என்றும் கூறினார். நான்கு நாள்கள் கழித்துத் திரும்பியவரை வினவினோம். "குவியலின் அடிப்பகுதி முளைவிட்டுவிட்டது, ஐயா" என்றார். சற்றுத் தயங்கி, "நம் விடுதியில் நாங்கள் உண்ணும் அரிசி எங்கிருந்து வருகிறது, ஐயா?" என்றும் கேட்டார்.

விடை நமக்குத் தெரியும். அவ்வரிசி அண்டை மாநிலத்து ஆலையொன்றிலிருந்து வந்தது. குறைந்த விலை குறித்தவர் என்னும் ஒரே காரணத்தால் அவ்வணிகர் தெரிவு செய்யப்பெற்றார். விடுதிக் குழுவின் உறுப்பினர் என்ற முறையில் அவ்விலைப்பட்டியலில் ஒப்பமிட்டோருள் நாமும் ஒருவர். அன்று அம்மாணவருக்கு உரிய விடை கூற இயலவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

சொல்லும் பொருளும்

'கொள்முதல்' என்னும் சொல்லை இன்று நாம் வாங்குதல் என்னும் அளவிலேயே வழங்குகிறோம். ஆனால் 'முதல்' என்பது தொடக்கம், காரணம், மூலப்பொருள் எனப் பல பொருள் தரும் சொல்லாகும். களத்தில் அடித்துத் தூற்றி அளந்து கண்ட விளைச்சலைத் தஞ்சை வட்டாரத்து உழவர் 'கண்டுமுதல்' என்பர். உழவனின் கண்டுமுதலும் வாங்குவோரின் கொள்முதலும் ஒரே சொல்லால் பிணைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. ஒன்று பொய்த்தால் மற்றொன்று நிலையாது.

அரசும் அரசு சார்ந்த நிறுவனங்களும் மக்களின் பணத்தைக் கொண்டு, மக்களுக்கு உணவளிக்கும் பொருட்டுப் பொருள்களை வாங்குவது பொது உணவுக் கொள்முதல் எனப்படும். பள்ளிச் சத்துணவு, நியாயவிலைக் கடை, மருத்துவமனை, சிறைச்சாலை, மாணவர் விடுதி ஆகியவற்றின் உலைகள் அனைத்தும் இதனுள் அடங்கும். இவற்றை ஒருசேரப் 'பொது உலை' என்று இங்குச் சுட்டுவோம். நிலமும் நீரும் கெடாமல், விளைவித்தவர் நலியாமல், உண்பவர் உடல் நலம் குன்றாமல், அடுத்த தலைமுறைக்கும் தொடரக்கூடிய வகையில் அவ்வுலைக்குப் பொருள் வாங்குவதே வளங்குன்றாக் கொள்முதல் ஆகும்.

தமிழகத்துப் பொது உலை

1920-ஆம் ஆண்டு பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் மாணவர்க்கு உணவளிக்கத் தொடங்கியது. 1956-இல் காமராசர் பகல் உணவுத் திட்டத்தை மாநிலத்தின் பிற பகுதிகளுக்குக் கொண்டு சென்றார். 1982 சூலைத் திங்களில் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்க்கப்பெற்றது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டம், 2023-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவுபெற்றது. ஆட்சிகள் மாறியும் உலை அணையவில்லை என்பது இம்மண்ணின் பெருமையாகும். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டபோது, தமிழகம் அதனை முன்னரே செய்துகொண்டிருந்தது.

உலைக்குரிய அரிசியின் வரலாறும் நம் மண்ணோடு தொடர்புடையது. இந்திய உணவுக் கழகம் 1965 சனவரியில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. 2002 முதல் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில் மாநிலமே நெல்லை வாங்கி, அரைத்து, தன் நியாயவிலைக் கடைகளில் வழங்கி வருகிறது. ஊர்தோறும் நாம் காணும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் இச்சங்கிலியின் முதற் கண்ணியாகும்.

இதன் சமுதாயப் பயன்கள் யாவை?

முதலாவது, விலை உறுதி. அறுவடைக் காலத்தில் சந்தை விலை வீழும்போது, அரசு அறிவித்த விலை உழவனுக்கு ஊன்றுகோலாகிறது. இரண்டாவது, கல்வி. பசித்த வயிற்றோடு இருக்கும் குழந்தையின் செவியில் பாடம் ஏறாது. மூன்றாவது, மகளிர் வாழ்வு. சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எனப் பல்லாயிரம் பெண்கள் இத்திட்டத்தால் வாழ்வு பெற்றனர். காலை உணவைச் சமைப்போரும் மகளிர் சுய உதவிக் குழுவினரே. நான்காவது, சமத்துவம். ஒரே உலையில் வெந்த சோற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் குழந்தைகள், ஏட்டில் படிப்பதற்கு முன்பே சமத்துவத்தைத் தட்டில் கற்கின்றனர். அவ்வரிசையில் அமர மறுத்தோரும், சமைத்தவரின் சாதி கேட்டோரும் உண்டு. அவர்களை எதிர்கொண்டு உலை நிலைபெற்றதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

நோன்புக் கஞ்சியையும் இங்கு நினைவுகூர வேண்டும். ரமலான் திங்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதற்கெனத் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கி வருகிறது. மாலையில் தூக்குப் பாத்திரத்துடன் வரிசையில் நிற்கும் சிறார்களுள் எல்லாச் சமயத்தவரும் இருப்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவர். ஏதோ ஒரு வயலில் விளைந்த நெல், அரசின் கிடங்கு வழியாகப் பள்ளிவாசல் அண்டாவுக்கு வந்து, அடுத்த தெருவினரின் பசியையும் ஆற்றுகிறது. பொதுக் கொள்முதல் என்னும் வறண்ட சொல்லுக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

குறைகளும் காரணங்களும்

பெருமையை மட்டும் பேசுவது ஆய்வாகாது. மாணவரின் நெல் முளைத்தது ஏன்? கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மிகாமல் இருத்தல் வேண்டும் என்பது விதி. ஈரம் மிகுந்த நெல் கிடங்கில் பூசணம் பிடிக்கும், நிறம் மாறும். ஆகவே விதியில் பிழையில்லை. ஆனால் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வருகின்றன. உலர்த்தும் களமும், சாக்கும், கிடங்குக்கு ஏற்றிச் செல்லும் ஊர்தியும் உரிய நேரத்தில் அமையாவிடில், 40 கிலோ மூட்டைகள் நிலையத்திலேயே தேங்கும். மூட்டைகள் நகராதபோது, வெளியே காத்திருக்கும் குவியல்கள் நனையும். 2025 அக்டோபரிலும் காவிரிப் படுகையில் இவ்வவலத்தை நாடே கண்டது. வாங்குவோம் என்று சொல்லுதல் மட்டும் கொள்முதல் ஆகாது. உரிய காலத்தில் வாங்குதலே கொள்முதல் ஆகும்.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உரைத்த புறநானூற்றுப் பாடல் (184) இங்கு எண்ணத்தக்கது. யானைக்கு நெல்லை அறுத்துக் கவளமாகத் தந்தால் சிறு வயலும் பன்னாள் போதும். யானையே வயலில் புகுந்தால் உண்பதினும் மிதித்து அழிப்பதே மிகுதி. புலவர் இறை கொள்ளும் நெறிக்காகச் சொன்னது, நெல் கொள்ளும் நெறிக்கும் பொருந்தும். முறையற்ற கொள்முதலில் உலைக்குச் சேர்வதைவிடச் சேற்றில் கலப்பது மிகுதியாகிறது.

இரண்டாவது குறை, வாங்கும் பொருளைப் பற்றியது. அரசு எதனை வாங்குகிறதோ அதனையே உழவன் விதைப்பான். பசுமைப் புரட்சிக்குப் பின் நெல்லும் கோதுமையுமே பெரிதும் கொள்முதல் செய்யப்பட்டன. மலிந்த அரிசி பசியை வென்றது உண்மை. ஆனால் மானாவாரி நிலத்துக்கேற்ற வரகும் சாமையும் தினையும் கேழ்வரகும் தட்டிலிருந்தும் வயலிலிருந்தும் பின்னடைந்தன. நீர் மிகுதியாக வேண்டும் பயிரை நீர் குறைந்த நிலமும் நாடத் தலைப்பட்டது. இதனை உணர்ந்தே, பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகிய 2023-இல், தருமபுரி, நீலகிரி மாவட்டக் குடும்ப அட்டைதாரர்க்கு அரிசிக்கு ஈடாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முயற்சி தொடங்கப்பெற்றது. சிறிய தொடக்கமே ஆயினும் திசை சரியானது.

எண்ணெயின் நிலை வேறு. நியாயவிலைக் கடைகளில் நெடுங்காலமாக வழங்கப்பெற்று வருவது பாமாயில். நாட்டின் பாமாயில் தேவையில் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியா போன்ற நாடுகளிலிருந்தே இறக்குமதியாகிறது. 2023-இல் தேங்காய் விலை வீழ்ந்தபோது, தேங்காய் எண்ணெயையும் கடலை எண்ணெயையும் கடைகளில் வழங்குமாறு உழவர்கள் போராடினர். உள்நாட்டு எண்ணெயின் விலை மிகுதி என்பது அரசின் இடர்ப்பாடு. அதனைப் புறந்தள்ள இயலாது. ஆனால் விலைச்சீட்டில் ஏறாத செலவுகளும் உண்டு. விற்க முடியாமல் வீழ்ந்த தேங்காயின் விலை, வேலை இழந்த தோப்புத் தொழிலாளியின் கூலி, கடன்பட்ட குடும்பத்தின் இடப்பெயர்ச்சி ஆகியவற்றை எந்த ஒப்பந்தப்புள்ளியும் குறிப்பதில்லை. அச்செலவையும் இறுதியில் சமுதாயமே சுமக்கிறது.

பிற நாட்டார் கண்ட வழி

இவ்வினாவுக்குப் பிரேசில் நாடு கண்ட விடை கற்கத்தக்கது. அந்நாட்டு அரசு 2003-இல், பசி ஒழிப்புத் திட்டத்தின் ஒரு கூறாக, சிறு குடும்ப உழவரிடமிருந்து நேரடியாக உணவு வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2009-ஆம் ஆண்டின் சட்டமொன்று, பள்ளி உணவுக்கென நடுவண் அரசு தரும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப உழவரின் விளைபொருள்களுக்கே செலவிடல் வேண்டும் என விதித்தது. அத்திட்டத்தால் ஏறத்தாழ 4 கோடி மாணவர் உணவு பெறுகின்றனர்.

சிறு உழவரால் பெருவணிகரோடு விலைப்போட்டியில் நிற்க இயலாது என்பதை உணர்ந்து, வழக்கமான ஒப்பந்தப்புள்ளி முறையிலிருந்து அச்சட்டம் விலக்களித்தது. விலையை முன்னரே அறிவித்து, தர இயன்றோரை அழைக்கும் முறை ஏற்பட்டது. உணவு வகைகளை வகுக்கும் பொறுப்பு சத்துணவு வல்லுநரிடம் உள்ளது. பெற்றோரும் ஆசிரியரும் இடம்பெறும் உணவுக் குழுக்கள் கண்காணிக்கின்றன. விலையும் தரமும் கண்காணிப்பும் ஒருங்கே அமைந்தமையால் திட்டம் நிலைத்தது. 2014-இல் பிரேசில் உலகப் பசி வரைபடத்திலிருந்து நீங்கியது. பின்னர் கொள்கைகள் தளர்ந்த காலத்தில் மீண்டும் அதனுள் வீழ்ந்தது. 2025-இல் மறுபடியும் நீங்கியது. இவ்வெற்றிக்கு வேறு பல காரணங்களும் உண்டு. எனினும், பேணாவிடில் பெற்றதும் கைநழுவும் என்பதை அந்நாடு நமக்கு உணர்த்துகிறது.

தென்மார்க்கின் தலைநகராகிய கோபனேகன் மற்றொரு பாடம் தருகிறது. அந்நகராட்சி தன் பொதுச் சமையற்கூடங்களில் இயற்கை வேளாண் பொருள்களைப் பெரும்பான்மையாக்க முடிவு செய்தது. இயற்கை விளைபொருளின் விலை மிகுதி. ஆயினும் உணவுக்கான நிதியைப் பெருமளவு கூட்டாமலே இதனைச் சாதித்தனர். இறைச்சியைக் குறைத்து, பருவத்தில் விளையும் காய்களைக் கூட்டி, வீணாகும் உணவைத் தடுத்து, சமையலர்க்குப் பயிற்சி தந்தனர். குப்பைக்குச் சென்றதைச் சேமித்து உழவனுக்குக் கொடுத்தனர் எனச் சுருங்கக் கூறலாம்.

நாம் செய்யத்தக்கன

இவையெல்லாம் அரசின் கடமைகள், நமக்கென்ன என்று ஒதுங்குதல் தகாது. கல்வி நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் உலை உண்டு. அம்மாணவரின் வினாவுக்குப் பின் நம் விடுதிக் குழு கூடியபோது மூன்று செய்திகள் பேசப்பட்டன. முதலாவது, தட்டில் எஞ்சி வீணாகும் சோற்றை நாள்தோறும் எடையிட்டு மாணவர் பார்வைக்கு எழுதி வைத்தல். இரண்டாவது, காய்கறிகளை அருகிலுள்ள உழவரிடமிருந்து வாங்குதல். மூன்றாவது, ஒரு பருவத் தேவைக்கான நெல்லைச் சிற்றூர் உழவரிடம் நேரே வாங்கி, உள்ளூர் ஆலையில் அரைத்துக்கொள்ளுதல்.

முதலிரண்டும் எளிதில் நடந்தேறின. மூன்றாவதற்குத் தடைகள் எழுந்தன. நெல்லைச் சேமிக்க இடம் வேண்டும், முன்பணம் வேண்டும், விலையும் சற்றுக் கூடும். தணிக்கையாளர் வினவினால் என்ன கூறுவது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நேர்மையான கேள்வியே. குறைந்த விலைக்கு வாங்கினோம் என்பதற்குச் சான்று காட்டுதல் எளிது. நல்ல விலைக்கு வாங்கினோம் என்பதற்கு விளக்கம் கூற வேண்டியிருக்கிறது. நெடுநேர உரையாடலுக்குப் பின், ஒரு திங்கள் தேவையை மட்டும் தை அறுவடையில் அவ்வாறு வாங்கிப் பார்ப்பதென முடிவாயிற்று. வீணான சோறு குறைந்ததால் மிஞ்சிய தொகை, விலை வேறுபாட்டில் ஒரு பகுதியை ஈடுசெய்தது.

வாங்கும்போது அளவையிலும் விலையிலும் நேர்மை வேண்டும் என்பதைத் திருக்குர்ஆனும் வலியுறுத்துகிறது; அளவில் குறை செய்வோரைக் குறித்த ஓர் அத்தியாயமே அதில் உண்டு. பிறர் பொருளையும் தம்பொருள் போல் பேணுவதே வாணிகம் என்பது நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. இவ்விரு நெறிகளும் விற்பவர்க்கு மட்டும் உரியன அல்ல. வாங்குபவர் அரசாயினும், கல்லூரியாயினும், குடும்பமாயினும் அவர்க்கும் உரியன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பொது உணவுக் கொள்முதல் என்பது மலிந்த விலையில் பொருள் தேடும் அலுவலக நடைமுறை மட்டும் அன்று என்பது பெறப்படும். எவ்வயலில் எப்பயிர் விளைய வேண்டும், எக்குடும்பம் ஊரில் தங்க வேண்டும், எக்குழந்தை பசியின்றிப் பாடம் கேட்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. அரசு உரிய காலத்தில் வாங்குதல், மண்ணுக்கேற்ற பொருளை வாங்குதல், சிறு உழவரும் தர இயலும் வழியில் வாங்குதல் ஆகிய மூன்றும் அதன் அடிப்படைகளாகும்.

தைத் திங்களில் அம்மாணவரின் ஊர் நெல் விடுதிக்கு வந்தது. முதல் நாள் உணவின்போது அவர் ஒன்றும் பேசவில்லை. தட்டில் ஒரு பருக்கையும் மீதமின்றி உண்டு எழுந்தார். எழுபது மூட்டை நெல்லால் உலகம் மாறிவிடாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் அவர் கேட்ட வினாவை இனி ஒவ்வொரு விலைப்பட்டியலிலும் ஒப்பமிடுமுன் நாமும் கேட்டுக்கொள்வோம். இம்மலரைப் படிக்கும் பெரியோரும் தத்தம் நிறுவனங்களில், திருமண மண்டபங்களில், இல்லங்களில் அவ்வினாவை ஒருமுறை எழுப்புவார்களாயின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.