மாடு முதலிலா, புல்வெளி முதலிலா?

மேய்ச்சல் நிலமும் மாடுகளும் சேர்ந்த காட்சியை ஆயில் பெயிண்டில் வரையப் பழகுகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மாட்டைப் பழகிவிட்டு நிலத்துக்குப் போவதா, நிலத்தைப் பழகிவிட்டு மாட்டைக் கொண்டுவருவதா?

இரண்டு வழியிலும் போனவர்கள் இருக்கிறார்கள். ஹாலந்துக்காரரான பவுலஸ் பாட்டர் 1647-இல் வரைந்த ‘இளங்காளை’ மூன்று மீட்டருக்கும் மேல் அகலமான படம். ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொடங்கும்போது கேன்வாஸில் காளை மட்டும்தான். பிறகு ஓரங்களில் துணியை ஒட்டுப்போட்டுப் பெரிதாக்கி, மற்றவற்றைச் சேர்த்தார். பிரான்ஸின் கான்ஸ்தான் த்ருவாயோன் நேர் எதிர். பல வருடம் நிலக்காட்சியே வரைந்தவர், 1847-இல் ஹாலந்து போய் பாட்டரின் படங்களைப் பார்த்தபின் மாடுகளின் பக்கம் திரும்பினார். அவருடைய ‘உழவுக்குப் போகும் எருதுகள்’ (1855) படத்தில் காலை வெயில் எருதுகளுக்குப் பின்னாலிருந்து அடிக்கிறது. முதுகின் விளிம்பு பளிச்சென்று இருக்க, உடம்பு நிழலில் நடந்து வருகிறது.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது த்ருவாயோனின் வழி. வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது நிலத்திலேயே முடிவாகிவிட்டால், மாட்டின் நிறத்தில் பாதி அதோடு முடிவாகிவிடும். வெட்டவெளியில் நிற்கும் வெள்ளைப் பசுவை உற்றுப் பாருங்கள். வானத்தைப் பார்த்த முதுகின் நிழற்பகுதியில் லேசான நீலம். வயிற்றின் அடியில் புல்லின் பச்சை ஏறியிருக்கும். சுத்த வெள்ளை அனேகமாக எங்கேயும் இல்லை. டியூபிலிருந்து வெள்ளையை அப்படியே எடுத்துப் பூசினால் வெட்டி ஒட்டிய படம் போலத்தான் மாடு நிற்கும்.

பென்சில் கை ஏற்கெனவே தேர்ந்தவர்கள், மாட்டோடு வளர்ந்தவர்கள், பாட்டர் மாதிரி மாட்டிலிருந்தே தொடங்கலாம். ஆனால் எலும்பு தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே ஓவியர் ரோசா பொனர் இறைச்சிக்கூடங்களுக்குப் போய்ப் பழகினார். 1849-இல் அவர் வரைந்த ‘நிவெர்னே உழவு’ படத்தில் எருதுகளின் இடுப்பெலும்பு தோலுக்கு அடியில் அசைவதுபோலவே இருக்கும்.

அடுத்து, ஒரே அமர்வில் முடிப்பதா, அடுக்கடுக்காகப் பூசுவதா? வெளியில் உட்கார்ந்து வரைந்தால் ஒரே அமர்வுதான். வெயில் மாறிக்கொண்டே இருக்கும். ஈரத்தின் மேல் ஈரமாகப் பூசும்போது மாட்டின் விளிம்பு புல்லோடு மெல்லக் கலந்தும்விடும். வீட்டில் பெரிய படம் என்றால் அடுக்கு முறை. ரா அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முதலில் ஒளி நிழலைப் போடுங்கள். அதில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். மேலே போகப்போக லின்சீட் எண்ணெயைக் கூட்ட வேண்டும். தலைகீழாகச் செய்தால் பின்னாளில் வெடிப்பு விடும்.

பச்சைக்கு டியூப் வாங்கலாம். எனக்கோ ஐவரி கறுப்பில் மஞ்சளைக் கலந்து வரும் அடங்கிய பச்சைதான் பிடிக்கும்.

நேரில் வரைவதா, போட்டோ பார்த்தா? போட்டோவில் நிழல் கறுத்து அடைத்துக்கொள்ளும். மொபைலைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் தலையும் பெருத்துவிடும். நேரில் மாடு நிற்காதே என்ற பயம் வேண்டாம். மேயும் மாடு ஐந்தாறு நிலைகளுக்கே திரும்பத் திரும்ப வரும். ஒரே தாளில் ஐந்தாறு கோட்டுப்படம் தொடங்கி, எது திரும்ப வருகிறதோ அதைத் தொடருங்கள். படுத்து அசைபோடும் மாடு இன்னும் நல்லது, வெகுநேரம் அப்படியே கிடக்கும். நிற்கும் மாட்டின் குளம்பை மட்டும் வரையாதீர்கள். அதைப் புல் மறைக்கட்டும். முழங்காலுக்குக் கீழே இரண்டு மூன்று புல் வீச்சை மேலே இழுத்துவிட்டால் மாடு தரையில் நின்றுவிடும்.