ஈரோட்டு வார இதழும் பதின்மூன்று எழுத்துகளும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

முன்னுரை

சென்ற கோடை விடுமுறையில் அப்பா தகரப் பெட்டியிலிருந்து எங்கள் நிலத்தின் பழைய பத்திரத்தை எடுத்து, வாசிக்கச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். பெருமையோடு தொடங்கியவன், நான்கெல்லை விவரம் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். 'எல்லை' என்னும் சொல்லில் 'லை' இருக்கவேண்டிய இடத்தில், யானைத் துதிக்கை போன்ற வளைவோடு வேறோர் எழுத்து இருந்தது.

"காலேஜு படிக்கிற புள்ளைக்கே எல்லை தெரியலையாக்கும்" என்று அப்பத்தா சிரித்தார். அப்பத்தா, 1991இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர். அவருக்கும் அந்த எழுத்து விளங்கவில்லை.

கல்லூரி திறந்ததும் தமிழ்ப் பேராசிரியரிடம் கேட்டேன். "அந்த எழுத்தின் கதை தெரியவேண்டுமானால் 'குடி அரசு' இதழின் கதையைப் படி" என்றார். படித்தவற்றை மாணவ நண்பர்களோடு பகிர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் தொண்டும்

'குடி அரசு' வார இதழ் 1925ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் ஈரோட்டில் தொடங்கப்பெற்றது. திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள் அதனைத் தொடங்கி வைத்தார். பெரியார் ஈ.வெ.இராமசாமியும் தங்கபெருமாள் பிள்ளையும் ஆசிரியர்களாக இருந்தனர். கடவுள் மறுப்பாளராகப் பின்னர் அறியப்பட்டவரின் இதழை ஒரு சைவத் துறவி தொடங்கி வைத்தது வியப்புக்குரிய செய்தி அன்றோ? அப்போது பெரியார் காங்கிரசில் இருந்தார். அவ்வாண்டு நவம்பரில் நடந்த காஞ்சிபுரம் மாநாட்டுக்குப் பின் அக்கட்சியிலிருந்து விலகினார். அதன்பின் இதழ் சுயமரியாதை இயக்கத்தின் குரலாயிற்று.

தலைநகரிலிருந்து அன்றி, ஒரு வணிக ஊரிலிருந்து வந்த இதழாயினும் அதன் பார்வை பரந்தது. 1931இல் பொதுவுடைமை அறிக்கையின் தமிழாக்கம் அதில் வந்தது. அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலும் அதில் தமிழில் வெளியாயிற்று. 1940களில் மு. கருணாநிதி அதன் துணையாசிரியராகப் பணியாற்றினார்.

சோதனை

1933 அக்டோபர் 29ஆம் நாளிட்ட தலையங்கம் அன்றைய ஆங்கில ஆட்சியைக் கடுமையாகத் தாக்கியது. அதற்காகப் பெரியாரும், வெளியீட்டாளராக இருந்த அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றனர். 'குடி அரசு' நின்றது. ஆனால் பணி நிற்கவில்லை. 'புரட்சி' என்றும், பின் 'பகுத்தறிவு' என்றும் வேறு பெயர்களில் இதழ்கள் வந்தன. 1935 சனவரியில் 'குடி அரசு' மீண்டும் வெளிவந்தது. 1949 வரை அது நடைபெற்றது.

பதின்மூன்று எழுத்துகள்

மீண்டு வந்த அந்த இதழ் புதிய எழுத்து முறையோடு வந்தது. பொதுவாக உயிர்மெய்யில் 'கால்' சேர்த்தால் ஆகார எழுத்து கிடைக்கும்: கா, சா, தா. ஆனால் ணா, றா, னா மூன்றும் கால் இன்றி, சுழித்த தனி உருவில் எழுதப்பட்டன. அதே சுழிப்பு ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆகியவற்றிலும் வந்தது. ணை, லை, ளை, னை நான்குக்கும் துதிக்கை வடிவம். ஆக மொத்தம் பதின்மூன்று.

அறிவியல் மாணவன் பார்வையில் சொல்வதானால், இவை விதிக்கு உட்படாத விலக்குகள். விலக்கு குறைந்தால் கற்பது எளிது. ஒவ்வோர் அச்செழுத்தையும் கையால் பொறுக்கி அடுக்கிய அந்நாளில் அச்சுக்கோப்பவருக்கும் சுமை குறைந்தது. தமிழக அரசு இம்மாற்றத்தை 1978 அக்டோபரில் ஏற்று ஆணையிட்டது. இதழ் நடைமுறைப்படுத்தி நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன! 'ஐ'க்கு 'அய்', 'ஔ'வுக்கு 'அவ்' என்ற மாற்றங்களை மட்டும் அரசு ஏற்கவில்லை.

முடிவுரை

'குடி அரசு' கூறிய கருத்துகளை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். ஆனால் இரு சாராரும் இன்று எழுதுவது அதன் எழுத்தில்தான். வயல் வேலை முடித்து இரவில் சிலேட்டு பிடித்த அப்பத்தாவுக்கு விலக்குகள் குறைந்திருந்தன என்பதை எண்ணும்போது நன்றி தோன்றுகிறது.

எனினும் ஓர் இழப்பும் உண்டு. நம் வீட்டுப் பத்திரங்களும் பழைய நூல்களும் நமக்கே அயலாகிவிட்டன. இதற்கு மருந்து எளிது. பதின்மூன்று எழுத்து என்றாலும் புதிதாய் அறியவேண்டிய வடிவங்கள் ஏழுதான்; ணா, றா, னா தெரிந்தால் ஒகர, ஓகார எழுத்துகள் தாமே விளங்கும். ஒரு மாலைப் பொழுது போதும். திருக்கோகர்ணத்திலுள்ள ஞானாலயா ஆய்வு நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் திரட்டி வைக்கப்பட்டுள்ளன. நண்பர்கள் ஒருமுறை சென்று பார்க்கலாம்.

அடுத்த விடுமுறையில் அந்தப் பத்திரத்தைத் தடையின்றி வாசித்தேன். அப்பா நான்கெல்லையையும் மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அப்பத்தா என்னிடமிருந்து தாளை வாங்கி, துதிக்கை எழுத்தின்மேல் விரல் வைத்து, "லை" என்றார்.