சிகிச்சை முடிந்தது, வேலைக்குப் போகலாமா?



மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது எல்லாம் முடித்து வந்த உறுப்பினர்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். "இனிமே நான் வேலைக்குப் போகலாமா?" என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலை. கூலி வந்தால்தான் வீடு ஓடும், குழுத் தவணையும் கட்ட முடியும்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு தாராளமாகப் போகலாம். ஆனால் ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கை ஏன் வீங்குகிறது?

ஆபரேஷனில் பலருக்கு அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்கள். கையிலிருந்து நிணநீர் வடிகிற வழி அது. வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் தேங்குகிற மாதிரி, கையில் நீர் தேங்கலாம். எல்லோருக்கும் வராது, சிலருக்குப் பல வருஷம் கழித்தும் வரும். வளையல் இறுகுவது, ஜாக்கெட் கை பிடிப்பது, கை கனப்பது இதற்கு அறிகுறிகள். உடனே டாக்டரிடம் காட்டினால் கட்டுப்படுத்துவது சுலபம்.

கையை அசைக்காமலே இருக்கலாமா?

கூடாது, தோள் இறுகிப்போகும். அமெரிக்காவில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், கை வீக்கம் இருந்த பெண்களே பயிற்சியாளர் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டித் தூக்கினார்கள். அவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. முதல் நாளே நாற்றுக்கட்டு சுமப்பதுதான் தப்பு.

வேலையில் கவனிக்க வேண்டியவை

* அரை நாள் வேலையில் ஆரம்பியுங்கள். கை கனத்தால் ஓய்வு கொடுங்கள்.
* களை எடுக்கும்போதும் முள் வெட்டும்போதும் கையுறை போடுங்கள்.
* காயம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
* "ஒரு நாள் கூலி போகுதே" என்று மறுபரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

குழு என்ன செய்யலாம்?

"ஒட்டிக்கும்" என்று யாராவது சொன்னால், புற்றுநோய் தொற்றுநோய் இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். அவர் சமைத்ததைச் சாப்பிடலாம், பக்கத்தில் உட்காரலாம். குழுத் தொழிலில் மூட்டை தூக்குவதற்குப் பதில் எடை போடுவது, பாக்கெட் ஒட்டுவது, கணக்கு எழுதுவது போன்ற வேலையைக் கொடுக்கலாம். எது முடியும் என்று முதலில் அவரையே கேளுங்கள். கூலியைக் குறைக்காதீர்கள். குழுச் சேமிப்பிலிருந்து வாங்கிய கடனுக்குத் தவணைக் காலத்தை நீட்டித்துத் தீர்மானம் போடலாம்.

கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் சிகிச்சை முடிந்து வந்தவர் யாராவது கூட்டத்துக்கு வராமல் ஒதுங்கி இருக்கிறாரா?
2. அவருக்கு ஏற்ற வேலை நம்மிடம் என்ன இருக்கிறது?