உப்பு தின்னும் கல்

மரக்காணம் என்றால் எல்லோருக்கும் உப்பளம்தான் ஞாபகம் வரும். ஆனால் எங்கள் ஊரில் சோழர் காலத்துப் பூமீஸ்வரர் கோயிலும் இருக்கிறது. சுவரெல்லாம் கல்வெட்டு. வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். அங்குள்ள கடற்கரைக் கோயில், பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல் அடுக்கிக் கட்டியது. 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அங்கே பல சிற்பங்களுக்கு மூக்கு, முழி தெரியவில்லை. உளிக்கே சுலபத்தில் மசியாத கருங்கல்லைத் தின்றது எது?

விடை எங்க அம்மா வேலை செய்யும் உப்புப் பாத்தியிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. வெயிலும் காற்றும் தண்ணீரைக் கொண்டுபோக, உப்பு படிகமாகிறது. கல்லிலும் இதே கதைதான். கடற்காற்றில் வரும் உப்புத்துளி, கல்லின் நுண்துளையிலும் வெடிப்பிலும் இறங்குகிறது. பகலில் காய்ந்து படிகமாக வளர்ந்து, இடம் போதாமல் கல்லை நெருக்குகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைகிறது. மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். கரைவதும் காய்வதுமாக ஆயிரம் வருஷம் நடந்தால், கல் பொடிப்பொடியாக உதிராமல் என்ன செய்யும்?

இதற்குத் தொல்லியல் துறை செய்த வைத்தியம் மூன்று. அலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டார்கள். ஊறிய காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பினார்கள். கூழ் காயும்போது உள்ளே இருக்கும் உப்பு கரைந்து கூழுக்கு வந்துவிடும். பிறகு உரித்து எடுத்துவிடலாம். பாத்தியில் நடக்கும் அதே ஆவியாதல்தான் இங்கே மருந்து!

கல்லுக்கே இந்தக் கதி என்றால் நம்ம கான்கிரீட் எம்மாத்திரம்? கடலோரத்தில் செலவை மிச்சம் பிடிக்க, உப்புத் தண்ணியிலேயே கலவை போடுபவர்கள் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். அதனால்தான் ஐ.எஸ். 456 (2000) கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கடல்நீர் கூடாது என்கிறது.

எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசல் மிதித்த முதல் ஆள் நான். உப்பு வாரிய கூலியில் அப்பா தளம் போடக் காசு சேர்க்கிறார். அந்தத் தளத்துக்கு ஊற்றும் ஒவ்வொரு குடம் தண்ணியையும் நானே நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். நீங்களும் உங்க வீட்டுக்கு அப்படியே செய்யுங்கள்.