விழுந்தவளைத் தூக்கியது தப்பா?

கேள்வி: மாவட்டப் போட்டி 1500 மீட்டரில், தடுக்கி விழுந்த வேறு பள்ளிப் பெண்ணை என் மகள் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். பதக்கம் போயிற்று. "ஓட வந்தியா, உதவி பண்ண வந்தியா?" என்று பயிற்சியாளர் திட்டுகிறார். அவளுக்கு என்ன சொல்வது?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: முதலில் அவளைக் கட்டியணைத்துப் பாராட்டுங்கள், அம்மா.

1956 மார்ச்சில், மெல்போர்னில் ஆஸ்திரேலிய சாம்பியன்ஷிப் மைல் ஓட்டம். மூன்றாவது சுற்றில் 19 வயது ரான் கிளார்க் இடறி விழுந்தார். பின்னால் வந்த ஜான் லாண்டி அவரைத் தாண்டிக் குதித்தபோது ஷூ ஆணி கிளார்க்கின் மேல் கீறிவிட்டது. லாண்டி லேசுப்பட்டவர் அல்ல. மைல் ஓட்டத்தின் உலக சாதனை அப்போது அவர் கையில். அவரோ நின்றார், திரும்பி வந்தார், மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகே மற்றவர்களைத் துரத்தினார். ஜெயிக்கவும் செய்தார். தோற்றிருந்தாலும் அந்தச் செயலின் மதிப்பு துளியும் குறைந்திருக்காது. மெல்போர்னில் அந்தக் கணத்துக்கு வெண்கலச் சிலையே வைத்திருக்கிறார்கள்.

பயிற்சியாளரிடம் விதியையும் சொல்லுங்கள்: விழுந்தவரை எழுப்பி நிற்கவைப்பது தடகள விதிப்படி குற்றமில்லை. தோளில் தாங்கி முன்னே நகர்த்தினால்தான் சிக்கல். இது மகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

பதக்கம் போன வருத்தத்தை அவள் அழுது தீர்க்கட்டும். "போனால் போகிறது" என்று அவசரப்பட்டு வாயை அடைக்காதீர்கள். எத்தனை நாள் விடியற்காலைப் பயிற்சி அது! பயிற்சியாளர் அவள் முன்னால் மறுபடி திட்டினால், அவள் காதுபடவே மறுத்துப் பேசுங்கள்.