ஓடி நின்ற பிறகு வரும் இளைப்பு

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். உடற்பயிற்சியால் வரும் ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்க மருத்துவமனையில் ஓடவிடும் நேரமும் 6 முதல் 8 நிமிடம்தான். ஆக, தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் பக்கம் விடியுமுன் எழுந்து தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்களில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், அவன் தெரியாமலே தினமும் அந்தச் சோதனையைச் செய்துகொண்டிருக்கிறான். முடிவைக் குறித்துவைக்கத்தான் ஆளில்லை.

முதலில் குறிக்க வேண்டியது நேரத்தை. ஓடும்போது மூச்சு வாங்குவது எல்லாருக்கும் உள்ளதுதான். நின்றதும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். ஆஸ்துமாவில் பெரும்பாலும் நின்ற பிறகுதான் தொல்லை கூடும். 5 முதல் 15 நிமிடத்துக்குள் நெஞ்சு இறுகும், வறட்டு இருமல் வரும், மூச்சை வெளியே விடும்போது விசில் போலச் சத்தம் கேட்கும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். அதனாலேயே டாக்டரிடம் போய் உட்காரும்போது ஒன்றும் இருக்காது. சிலருக்கு வீசிங் சத்தமே கிடையாது, இருமல் மட்டும்தான். விளையாடிவிட்டு வந்து இருமுகிற பிள்ளைக்கு ஐஸ் தண்ணீர் குடித்ததுதான் காரணம் என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஓடத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், இளைப்பு தொடங்கி அடங்கிய நேரம், அன்றைய காற்று, தூசி, சளி இருந்ததா என்பதையெல்லாம் ஒரு வாரம் போனில் எழுதிவையுங்கள்.

இன்னொரு தடயமும் உண்டு. ஒருமுறை இளைப்பு வந்து அடங்கினால், அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மறுபடி ஓடும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது லேசாகவே வரும். முதல் சுற்றில் திணறியவன் அடுத்ததில் நன்றாக ஓடினால், பயிற்சியாளர் சோம்பல் என்றுதான் நினைப்பார்.

காரணம் இந்தக் கடற்கரைக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். உப்பளப் பாத்தியில் நீர் வற்ற வற்ற உப்பின் அடர்த்தி ஏறுகிறதே, வாயால் வேகமாக மூச்சு விடும்போது மூச்சுக்குழாயின் உட்பூச்சிலும் அதுவே நடக்கிறது. நீர் ஆவியாகி உப்புச் செறிவு ஏறியதும் அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் முதலியவற்றைக் கக்குகின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. காய்ந்த காற்று வீசும் நாளில் தொல்லை கூடுவதும், ஈரக்காற்றில் நீந்தும்போது குறைவதும் இதனால்தான்.

ஆனால் ஓடினால் இளைப்பதெல்லாம் ஆஸ்துமா அல்ல. ஓட்டத்தின் உச்சத்தில் தொண்டை அடைத்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்து, நின்ற சில நிமிடங்களில் சரியானால் குரல்வளை சுருங்குவதாக இருக்கலாம். அதற்கு ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் பம்பு (இன்ஹேலர்) உதவாது. பெண்பிள்ளைகளுக்கு ரத்தசோகையையும் பார்க்க வேண்டும். ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் முதலில் இதயப் பரிசோதனை, அதுவரை ஓடக்கூடாது.

எழுதிய குறிப்போடு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் சோதனை செய்வார்கள். உட்கார்ந்தபடி ஊதி 'நார்மல்' என்று வந்தால் பலர் நிம்மதியாகத் திரும்பிவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுவது. ஓய்வில் நார்மல் என்பதால் இந்த நோய் இல்லை என்றாகாது. ஓடவைத்து, பிறகு 5, 10, 15, 30 நிமிடங்களில் ஊதவைக்கும் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். முதல் 1 நொடியில் ஊதித் தள்ளும் காற்று ஓட்டத்துக்கு முன்பிருந்ததைவிட 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று பொருள். சோதனை நாளில் காபி, டீ வேண்டாம். அதற்கு முன்னால் ஓடவும் வேண்டாம். எந்த மருந்தை எத்தனை மணி நேரம் நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நோய் உறுதியானால் ஓட்டத்தை விட வேண்டியதில்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் 597 பேரில் 67 பேருக்கு இந்தத் தொல்லை இருந்தது. அவர்கள் வாங்கிய பதக்கங்கள் 41. முதல் 10, 15 நிமிடம் இடையிடையே நிறுத்தி மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். டாக்டர் சொன்ன பம்பை ஓட்டத்துக்குக் கால் மணி நேரம் முன் உறிஞ்சுங்கள். பம்பு போட்டால் பழகிவிடும் என்ற பேச்சைக் காதில் வாங்க வேண்டாம். ஆனால் சால்பூட்டமால் பம்பு மட்டுமே போதும் என்றிருப்பதும் தவறு. உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான ஜீனா (GINA) 2019 முதல் அதை ஏற்பதில்லை. அழற்சியைத் தணிக்கும் உறிஞ்சும் ஸ்டீராய்டு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பம்பு போட்டும் தணியாவிட்டாலோ 108-ஐ அழைத்துவிடுங்கள்.

சங்கு குளிக்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சிலிண்டர் காற்று நன்றாக உலர்ந்தது. அடியில் உழைப்பும் கடுமை. ஆழத்தில் மூச்சுக்குழாய் சுருங்கிக் காற்று உள்ளே சிக்கினால், மேலே ஏறும்போது அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். கரையில் ஓடி இளைக்கிறவர், சோதனை முடிந்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கடலுக்குள் இறங்கக்கூடாது.