செப்டிக் டேங்க்குக்குள் ஆள் எதற்கு?

கீழ்பென்னாத்தூர் போன்ற பேரூராட்சிகளில் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். நிறைந்தால் லாரியைக் கூப்பிடுகிறோம். குழாய் தண்ணீரை உறிஞ்சிவிடும். அடியில் இறுகிய கசடு அசையாது. அப்போதுதான் "ஒரு ஆளை இறக்கிடலாமா?" என்ற பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சுக்குத் துணைநிற்கும் நம்பிக்கைகள் சில.

நம்பிக்கை: மூடியைத் திறந்து வைத்து, நாற்றம் அடங்கியதும் இறங்கலாம்.

உண்மை: தொட்டியில் உருவாகும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். கசட்டைக் கிளறினால் மேலும் கிளம்பும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டினாலே மூக்கு மரத்துவிடும். நாற்றம் தெரியாமல் போவதே ஆபத்து முற்றியதன் அடையாளமாக இருக்கலாம். முதலில் இறங்கியவர் சாய, தூக்கப்போனவரும் சாய்வது இதனால்தான். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது இன்னும் மோசம்: தொட்டியில் சேரும் மீத்தேன் வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும்.

நம்பிக்கை: ரோபோ தானாக யோசித்து இயங்கும், நம் ஊருக்கு எட்டாது.

உண்மை: யோசிப்பவர் மேலே நிற்கும் மனிதர்தான். திருவனந்தபுரத்தில் உருவான 'பாண்டிகூட்' மேன்ஹோலுக்குள் கையை இறக்கும். இயக்குபவர் கேமரா திரையைப் பார்த்து அதை நகர்த்துவார். கும்பகோணத்துக்கு அது வந்து பல ஆண்டுகளாகின்றன. செப்டிக் டேங்க்குக்கென்றே சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழு உருவாக்கியது 'ஹோமோசெப்'. மடங்கிய பிளேடுகள் சின்ன வாய் வழியே இறங்கி, உள்ளே குடைபோல விரிந்து சுழன்று கசட்டைக் கூழாக்கும். பிறகு குழாயே உறிஞ்சிவிடும். டிராக்டரில் பொருத்தி ஓட்டலாம். நிலக்கடலை விளையும் நம் பக்கத்தில் டிராக்டருக்குப் பஞ்சமில்லை.

நம்பிக்கை: ரிமோட் என்றால் கம்பி கிடையாது.

உண்மை: ஈரமண்ணும் கான்கிரீட்டும் ரேடியோ அலையை விழுங்கும். அதனால் இத்தகைய வேலைகளில் பெரும்பாலும் கேபிளையே நம்புகிறார்கள். ஜப்பானில் விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணு உலைக்குள் போன ரோபோக்களில் பலவும் கேபிளோடுதான் போயின.

நம்பிக்கை: எந்திரம் வந்தால் தொழிலாளி பிழைப்பு போகும்.

உண்மை: எந்திரத்தை இயக்கவும் ஆள் வேண்டும். ஹோமோசெப்பின் தொடக்கக் கருவிகளில் சில, இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களிடம் தரப்பட்டன.

நம்பிக்கை: அவரே சம்மதித்துத்தானே இறங்குகிறார்?

உண்மை: கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் அந்தச் சம்மதம் செல்லாது. பாதுகாப்பின்றி இறக்கினால் முதல் முறையே 2 ஆண்டுவரை சிறை, வீட்டுக்காரருக்கும் பொருந்தும். உயிர் போனால் இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது.

அடியில் கொஞ்சம் கசடு மிஞ்சினால் தொட்டிக்குக் கேடில்லை. அப்படியே விட்டு மூடுங்கள், யாரையும் இறக்காதீர்கள்.